பீஸ் கேரியரும் பதினாறு பின்னும்

விருத்தாசலம் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது பழமலைநாதர் கோயில், மணிமுத்தாறு, அப்புறம் ரயில் ஜங்ஷன். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பீங்கான் பொம்மையைச் சொல்வார்கள். கொலு சமயத்தில் கடைக்கு வருகிற வெள்ளைப் பொம்மைகளில் கணிசமானவை இந்த ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை கண்டவை. ஆனால் தமிழ்நாட்டில் ஒருகாலத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் விருத்தாசலம் மாதிரி ஊர்களின் சரக்கு ஒன்று இருந்தது. அதை யாரும் பீங்கான் என்று நினைத்துப் பார்த்ததில்லை. மெயின் போர்டில் இருந்த பீஸ் கேரியர். வெள்ளையாக, கைக்கு அடக்கமாக, இரண்டு பக்கமும் பித்தளை நாக்கு நீட்டிக்கொண்டு, நடுவில் ஒரு கம்பி ஓடும் சாமான். பில் கட்டவில்லை என்றால் மின்வாரிய ஊழியர் பிடுங்கிக்கொண்டு போவாரே, அதுதான்.

இந்த பீஸ் கேரியரையும், இன்றைக்குக் கம்ப்யூட்டருக்குப் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்குகிறவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிற ஒரு விஷயத்தையும் சேர்த்து யோசிக்கலாம் என்று கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வருகிறேன். கார்டு பிரமாதமாக இருக்கும். ஆனால் அதற்கு மின்சாரம் கொடுக்கிற கனெக்டர் வீட்டில் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்காது. 6 பின், 8 பின், 6+2, 16 பின் என்று ஆளுக்கொரு கணக்கு. எதை எதோடு சேர்க்கலாம், மாற்றி (அடாப்டர்) போடலாமா, போட்டால் உருகிவிடுமா? கேள்விகள் புதிது மாதிரி தெரியும். உண்மையில் நூறு வருஷப் பழசு. எந்த மின் இணைப்பிலும் கேட்க வேண்டியவை இரண்டுதான்: இது எவ்வளவு தாங்கும்? அதற்குமேல் போனால் முதலில் சாகப்போவது எது? முதல் கேள்விக்கு நம் முன்னோர் கனெக்டரின் வடிவத்தால் பதில் சொன்னார்கள். இரண்டாவதற்கு ஃப்யூஸால் பதில் சொன்னார்கள். புது கிராஃபிக்ஸ் கார்டுகளில் இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் கை நழுவியிருக்கின்றன என்பது என் கட்சி.

முதலில் மண்ணிலிருந்து ஆரம்பிப்போம்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வந்ததற்குக் காரணம் பக்கத்து ஊரான நெய்வேலி. 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஆரம்பித்தார்கள். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. பழுப்பு நிலக்கரியை எடுக்க வேண்டுமென்றால் அதன்மேல் கிடக்கிற மண்ணை முழுக்க அகற்றியாக வேண்டும். அந்த மேல்மண்ணில் வெள்ளைக் களிமண் இருந்தது. சும்மா கொட்டுவதற்குப் பதில் கழுவி எடுத்தால் பீங்கானுக்கு ஆகும். ஆக, கரண்ட் உற்பத்தியாகிற அதே குழியிலிருந்துதான் கரண்டை அடக்கி வைக்கிற பீங்கானுக்கும் மண் வந்தது. இது யாரும் திட்டமிட்ட கவிதை இல்லை, மண்ணியல். ஆனாலும் எனக்கு இது ரொம்பப் பிடித்த தகவல்.

அதைச் சுற்றி ஒரு சின்ன உலகமே உருவானது. செராமிக் தொழிற்பேட்டை, டிப்ளமோ படிப்பதற்கென்றே ஒரு அரசு செராமிக் தொழில்நுட்பப் பயிலகம், தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் கீழ் கல்சாடிக் குழாய் ஆலை. அப்போதெல்லாம் இது தென்னார்க்காடு மாவட்டம், 1993-க்குப் பிறகுதான் கடலூர்.

பீங்கான் செய்கிற விதம் தெரிந்தால்தான் மேலே சொல்லப்போவது புரியும். பாடப்புத்தகக் கணக்குப்படி மின்சாரப் பீங்கானில் பாதி களிமண், கால் பங்கு ஃபெல்ட்ஸ்பார், கால் பங்கு குவார்ட்ஸ். களிமண் உருவம் கொடுக்கும். ஃபெல்ட்ஸ்பார் சூளையில் உருகி, கண்ணாடி மாதிரி எல்லாவற்றையும் ஒட்டவைக்கும். குவார்ட்ஸ் எலும்புக்கூடு. பொம்மை என்றால் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றலாம். பீஸ் கேரியருக்கு அது சரிப்படாது. லேசான ஈரத்தோடு பொடியாக வைத்திருக்கிற கலவையை எஃகு டையில் போட்டு, கை பிரஸ்ஸில் ஓங்கி அழுத்த வேண்டும். ஸ்க்ரூ போகிற ஓட்டை, கம்பி போகிற பள்ளம் எல்லாமே அந்த ஒரே அழுத்தில் விழ வேண்டும். பிறகு காயவைத்து, 1300 டிகிரி அளவில் சுட வேண்டும்.

சுடும்போது பீங்கான் சுருங்கும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் 90 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் டையை 100 மில்லிமீட்டருக்கு வெட்ட வேண்டும். மண்ணின் கலவை மாறினால் சுருக்கமும் மாறும். சூளையில் வைத்த இடம் மாறினால்கூட மாறும். தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, சுட்டெடுத்த கேரியர்களை ஒருவர் ஒவ்வொன்றாக ஒரு பேஸில் செருகிப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அளவு கருவி எதுவும் இல்லை. அந்த பேஸ்தான் கருவி. இறுக்கமாக உட்கார்ந்தது ஒரு பக்கம், ஆடினது இன்னொரு பக்கம். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஆடிச்சின்னா சுடும் சார்" என்று மட்டும் சொன்னார். கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் பற்றி நான் நாலு வருஷம் படித்ததன் சாரம் அந்த மூன்று வார்த்தையில் இருந்தது.

ஆடினால் ஏன் சுடும்? இரண்டு உலோகம் தொடுகிற இடத்தில் கொஞ்சம் மின்தடை இருக்கும். அங்கே பிறக்கிற வெப்பம், கரண்டின் வர்க்கத்தோடு தடையைப் பெருக்கினால் வருவது. பிடி தளர்ந்தால் தடை ஏறும், சூடு ஏறும். சூட்டில் பித்தளையின் ஸ்பிரிங் தன்மை போகும், பிடி இன்னும் தளரும். இந்தச் சுழல் ஆரம்பித்துவிட்டால் தானாக நிற்காது. பழைய பீஸ் கேரியர்களில் ஒரு பக்கம் மட்டும் கறுத்துப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறுப்பு இந்தச் சுழலின் கையெழுத்து. ஆனால் பீங்கான் உருகவில்லை, பற்றவில்லை. பித்தளையைச் சுரண்டி இறுக்கிவிட்டு அதே கேரியரை மறுபடி மாட்டினார்கள்.

பீஸ் கேரியரின் தத்துவமே அதுதான். சாவதற்கென்றே ஒரு கம்பியை வைத்து, அது செத்தாலும் சுற்றியிருப்பவை பிழைக்கும்படி பீங்கானால் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கம்பி எப்போது சாகும் என்பதை 1880-களிலேயே பிரிட்டிஷ் தபால்துறை இன்ஜினியர் வில்லியம் பிரீஸ் கணக்காகத் தந்துவிட்டார். செம்புக் கம்பி உருக வேண்டிய கரண்ட் என்பது விட்டத்தின் ஒன்றரை அடுக்கை 80-ஆல் பெருக்கினால் வருவது (விட்டம் மில்லிமீட்டரில்). கால் மில்லிமீட்டர் கம்பி 10 ஆம்பியரில் உருகும். அரை மில்லிமீட்டர் 28. ஒரு மில்லிமீட்டர் 80. விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் கரண்ட் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகிறது என்பதைக் கவனியுங்கள். கண்ணுக்குக் கொஞ்சம்தான் தடிமன் கூடின மாதிரி இருக்கும்.

ரீவயரபிள் ஃப்யூஸுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2086. அதன்படி 16, 32, 63, 100 ஆம்பியர் என்று போகப்போகக் கட்டையே பெரிதாகும். 63 ஆம்பியர் கேரியரை 16 ஆம்பியர் பேஸில் நுழைக்க முடியாது. அளவே எச்சரிக்கை. ஆனால் உள்ளே ஓடுகிற கம்பிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் பீஸ் போனால், கையில் கிடைத்த வயரைச் சீவி, நாலு இழை முறுக்கிக் கட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். கட்டையின் வடிவம் 16 என்று சொல்லிக்கொண்டிருக்கும், உள்ளே கம்பி 80-க்குத் தயாராக இருக்கும். வடிவம் சொல்கிற உண்மையை உள்ளே ஒரு துண்டுக் கம்பி பொய்யாக்கிவிடுகிறது. இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டரில் இதே காட்சி அப்படியே திரும்ப வரும்.

சுவரில் இருக்கும் பிளக்கும் இதே மொழி பேசுகிறது. நாம் பயன்படுத்துகிற உருண்டைப் பின் பிளக், பிரிட்டனின் பி.எஸ். 546 என்ற 1934-ஆம் ஆண்டுத் தரத்தின் வாரிசு. அதில் 2, 5, 15, 30 ஆம்பியர் என்று நாலு அளவு. நமக்கு வந்து நிலைத்தது 5-உம் 15-உம். பிற்பாடு ஐ.எஸ். 1293 அதை 6, 16 என்று ஆக்கியது, ஆனால் கடையில் இன்னமும் "அஞ்சு ஆம்ப்ஸ், பதினஞ்சு ஆம்ப்ஸ்"தான். 5 ஆம்பியர் பிளக்கின் பின் சுமார் 5.1 மில்லிமீட்டர் தடிமன், அதன் எர்த் பின் 7.1. 15 ஆம்பியர் பிளக்கின் சாதாரண பின்னே 7.1, அதன் எர்த் 8.7. ஆக, கீஸரை ஃபேன் பாயின்டில் சொருக முடியாது. யாரும் படிக்க வேண்டியதில்லை, கை சொல்லிவிடும்.

அதைவிட நுணுக்கமானது எர்த் பின்னின் நீளம். அது மற்ற இரண்டைவிட நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும், ஏன் என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். சொருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். எது முன்னால் எது பின்னால் என்கிற வரிசையை ஒரு சில மில்லிமீட்டர் உலோகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பைசா எலக்ட்ரானிக்ஸ் இல்லை.

பிரிட்டன் 1947-ல் இதிலிருந்து விலகியது. போருக்குப் பிறகு வீடுகளைக் கட்டும்போது, ஒவ்வொரு பாயின்டுக்கும் தனி வயர் இழுக்காமல், 30 ஆம்பியர் வளையம் ஒன்றை வீடு முழுக்க ஓட்டி, எல்லா சாக்கெட்டையும் ஒரே வடிவமாக்கினார்கள். பி.எஸ். 1363, சதுரப் பின். இப்போது டேபிள் விளக்கும் அதே சாக்கெட், ஹீட்டரும் அதே சாக்கெட். விளக்கின் மெல்லிய வயருக்கு 30 ஆம்பியர் ஃப்யூஸ் காவல் நிற்காது. அதற்கு அவர்கள் கண்ட வழி, பிளக்கின் உள்ளேயே ஃப்யூஸ். 3 ஆம்பியர், 13 ஆம்பியர். வடிவத்தை ஒன்றாக்கிய அதே நாளில் காவலைப் பிளக்குக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தச் சின்னக் குப்பி ஃப்யூஸின் உடம்பும் பீங்கான்தான்.

நாம் அந்தப் பக்கம் போகவில்லை, ஆனால் வேறு வழியில் வடிவத்தை ஒன்றாக்கிக்கொண்டோம். 6-உம் 16-உம் ஒரே சாக்கெட்டில் போகிற மாதிரி ஐந்தாறு ஓட்டை போட்ட பிளேட் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது. போதாததற்கு, எந்த நாட்டுப் பிளக்கையும் விழுங்குகிற மல்டிபிளக். 16 ஆம்பியர் சர்க்யூட்டில் செல்போன் சார்ஜர் தொங்குகிறது. நடுவில் ஃப்யூஸ் இல்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை.

இனி கம்ப்யூட்டருக்குள் போகலாம். 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியின் பவர் சப்ளை 63.5 வாட். ஒரு பழைய குண்டு பல்பைவிட ஒரு மூச்சு அதிகம். அதிலிருந்து மதர்போர்டுக்கு பி8, பி9 என்று பக்கத்துப் பக்கத்தில் சொருகுகிற இரண்டு கனெக்டர். இரண்டையும் இடம் மாற்றிச் சொருக முடியும், சொருகினால் போர்டு காலி. கறுப்பு வயரும் கறுப்பு வயரும் நடுவில் சேர வேண்டும் என்று மெக்கானிக்குகள் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். வடிவம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் தரத்தைக் கொண்டுவந்தபோது ஒரே 20 பின் கனெக்டர், ஒரே திசையில் மட்டும் போகும். சில ஓட்டை சதுரம், சில ஓட்டை முனை மழுங்கியது. எர்த் பின்னைத் தடிமனாக்கிய அதே மூளை.

கிராஃபிக்ஸ் கார்டு ரொம்ப நாள் ஸ்லாட் கொடுத்த மின்சாரத்திலேயே பிழைத்தது. 2000-ல் வந்த வூடூ 5 5500 கார்டு ஹார்ட் டிஸ்க் கனெக்டரைக் கடன் வாங்கியது, 2002-ல் ரேடியான் 9700 புரோ ஃப்ளாப்பி கனெக்டரை. பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்த பிறகுதான் ஒழுங்கு வந்தது. ஸ்லாட்டிலிருந்து 75 வாட், 6 பின் கனெக்டரிலிருந்து 75 வாட், 8 பின் கனெக்டரிலிருந்து 150 வாட். 6-க்கும் 8-க்கும் கரண்ட் தருகிற 12 வோல்ட் பின் மூன்றுதான். கூடுதலாக வந்த இரண்டும் தரை வயர்கள், அவற்றின் வேலை "நான் 8 பின் கேபிள், 150 வாட் கேட்கலாம்" என்று கார்டுக்குச் சைகை காட்டுவது. 12 வோல்டில் 150 வாட் என்றால் 12.5 ஆம்பியர், ஒரு பின்னுக்கு 4 ஆம்பியர் சொச்சம். அந்தப் பின்கள் சாதாரணமாக 8 ஆம்பியர் தாங்கும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கையிருப்பு. அதனால்தான் இருபது வருஷமாக இந்த 8 பின் பற்றிப் பெரிய புகார் இல்லை.

பொய் சொல்லும் கம்பி இங்கேதான் வருகிறது. ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் 6 பின்னை 8 பின் ஆக்குகிற மாற்றி கிடைக்கும். அது செய்வது ஒன்றுதான்: சைகை காட்டுகிற இரண்டு பின்னைத் தரையோடு கட்டிவிடும். பின்னால் இருப்பது 75 வாட்டுக்குச் செய்த மெல்லிய கேபிளாகக்கூட இருக்கலாம், கார்டு 150 என்று நம்பிவிடும். சாட்டா கனெக்டரிலிருந்து 6 பின் எடுக்கிற மாற்றி இன்னும் மோசம். சாட்டாவில் 12 வோல்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். அதிலிருந்து 75 கேட்பது, பீஸ் கேரியரில் நாலு இழை முறுக்கிக் கட்டினதேதான்.

சிபியுவுக்குப் போகும் 8 பின்னும் கார்டுக்குப் போகும் 8 பின்னும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் 12 வோல்டும் தரையும் எதிரெதிர் வரிசையில். ஓட்டைகளின் சதுரமும் மழுங்கலும் வேறு வேறு என்பதால் சாதாரணமாகப் போகாது. பலம் உள்ளவர்கள் போகவைப்பார்கள். இன்னொன்று, கழற்றி மாட்டுகிற மாடுலர் கேபிள். கார்டு பக்கம்தான் தரம் உண்டு, எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்த ஓட்டையில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் மாட்டினால் கச்சிதமாக உட்காரும், டிஸ்க்கெல்லாம் போய்ச்சேரும். ஒரு கம்பெனி பீஸ் கேரியர் பெரும்பாலும் இன்னொரு கம்பெனி பேஸில் சரியாக உட்காராது, அதுவே ஒரு பாதுகாப்பு. இங்கே உட்கார்ந்துவிடுகிறது என்பதுதான் ஆபத்து.

பிறகு 2022. கார்டுகள் 450 வாட்டைத் தொட்டன. மூன்று நாலு 8 பின் கேபிள் இழுப்பது அசிங்கம், இடமும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே 16 பின் கனெக்டரில் அடக்கினார்கள். அதன் அதிகாரப்பூர்வப் பெயர் 12விஹெச்பிடபிள்யூஆர், வாயில் நுழையாது. ஆறு பின் 12 வோல்ட், ஆறு பின் தரை, நாலு குட்டிப் பின் சைகைக்கு. உச்சம் 600 வாட், அதாவது 50 ஆம்பியர். ஆறாகப் பிரித்தால் ஒரு பின்னுக்கு 8.3. பின்னின் தகுதி 9.5. இரண்டு மடங்கு இருந்த கையிருப்பு 14 சதவீதமாகிவிட்டது. பின்களுக்கு நடுவே இருந்த இடைவெளியும் 4.2 மில்லிமீட்டரிலிருந்து 3 ஆனது.

2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 விற்பனைக்கு வந்த சில வாரங்களில் உருகிய கனெக்டர் படங்கள் வர ஆரம்பித்தன. நவம்பரில் என்விடியா, உலகம் முழுக்கச் சுமார் 50 கேஸ் என்றும், முழுதாகச் சொருகாததே பொதுவான காரணமாகத் தெரிகிறது என்றும் சொன்னது. ஆடினால் சுடும். சரிதான். ஆனால் ஆடுகிறது என்று தெரிந்தும் கரண்டை விட்டது யார் என்பது அடுத்த கேள்வி.

2023-ல் திருத்தம் வந்தது, 12வி-2×6 என்று. என்ன செய்தார்கள்? 12 வோல்ட் பின்களைக் கால் மில்லிமீட்டர் நீட்டினார்கள். சைகைப் பின்களை 1.5 மில்லிமீட்டர் குட்டையாக்கினார்கள். கனெக்டர் கடைசிவரை போனால்தான் சைகைப் பின் தொடும். தொடாவிட்டால் கார்டுக்குப் பூஜ்ஜியம் வாட். முந்தைய வடிவத்தில், சைகை எதுவும் இல்லை என்றாலும் 150 வாட் எடுத்துக்கொள் என்று இருந்தது. எர்த் பின்னை நீட்டி "நீ முதலில் தொடு" என்ற 1934-இன் யோசனையும், சைகைப் பின்னைக் குறுக்கி "நீ கடைசியில் தொடு" என்ற 2023-இன் யோசனையும் ஒன்றேதான். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை ஆயிரம் கோடி டிரான்சிஸ்டர் இருக்கிற ஒரு பொருளைக் காப்பாற்ற, கடைசியில் அரத்தால் பின்னைத் தேய்க்கிற வேலைக்குத்தான் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

நல்ல திருத்தம், ஆனால் பாதிக் கேள்விக்குத்தான் பதில். ஆறு பின்னும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும் என்பது வெறும் நம்பிக்கை. மின்சாரம் தடை குறைந்த பக்கம் போகும். நாலு பின்னில் பிடி லேசாகத் தளர்ந்தால் மீதி இரண்டு மொத்தச் சுமையையும் தூக்கும். முன்பு ஆர்டிஎக்ஸ் 3090 டிஐயில் ஆறு பின்னையும் மூன்று ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியின் கரண்டையும் கார்டு தனியாக அளந்து சமன்செய்தது. 4090-ல் ஆறும் கார்டுக்குள் நுழைந்ததும் ஒன்றாகக் கலந்துவிட்டன. 2025-ல் 575 வாட் 5090 வந்தது. பிப்ரவரியில் டெர்பௌவர் என்ற பெயரில் இயங்கும் ஜெர்மானியர் ஒருவர் தன் கேபிளை அளந்தபோது ஒரே வயரில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. கார்டுக்குத் தெரியாது, அது மொத்தத்தைத்தான் பார்க்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் தெரியாது, அதன் கணக்கில் 50 ஆம்பியருக்குள்தானே இருக்கிறது!

கான்டாக்ட் தடை 5 மில்லி ஓம் என்று வைத்தால் 8.3 ஆம்பியரில் அங்கே பிறக்கும் வெப்பம் மூன்றில் ஒரு வாட். 20 ஆம்பியரில் 2 வாட், ஆறு மடங்கு. அரிசி அளவு இடத்தில் 2 வாட் உட்கார்ந்தால் என்ன ஆகும்? சுற்றியிருப்பது பெரும்பாலும் நைலான். 260 டிகிரி அருகே அது உருகும், அதற்கு ரொம்ப முன்பே தளர்ந்துவிடும். தளர்ந்தால் பிடி போகும். விருத்தாசலத்துப் பட்டறையில் பார்த்த அதே சுழல்.

பீஸ் கேரியரில் கம்பி சாகும், வீடு நிற்கும். இங்கே சாவதற்கென்று யாரையும் நியமிக்கவில்லை, அதனால் கனெக்டரே ஃப்யூஸாகிவிடுகிறது. லட்சக்கணக்கில் விலையுள்ள கார்டில் இது. 150-க்கும் 600-க்கும் ஒரே வடிவம் என்று ஆக்கினீர்கள், நல்லது. 1947-ல் பிரிட்டன்காரன் அதைச் செய்தபோது கூடவே பிளக்குக்குள் ஒரு ஃப்யூஸையும் வைத்தான். ஆறு வயருக்கு ஆறு அளவுமானி, மிஞ்சினால் கட் பண்ணு என்று ஒரு விதி, அவ்வளவுதான் தேவை. செய்ய முடியாத காரியமில்லை, 3090 டிஐயில் பாதி செய்திருந்தார்கள். விலையும் இடமும் மிச்சம் என்று எடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் படிக்கிறேன். கேபிளைச் சரியாகச் சொருகாத வாடிக்கையாளர்மேல் பழியைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறு லட்சம் பேர் சரியாகச் சொருகுவார்கள் என்று நம்பி வரைந்த படம் பொறியியல் ஆகாது.

சரி, கார்டு வாங்கப் போகிறவர் என்ன செய்யலாம்? பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து எழுத்துணரி ஓட்டுவதற்காக எனக்கே ஒரு கார்டு தேவைப்பட்டது. நான் எடுத்தது 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060. 170 வாட், ஒரே ஒரு 8 பின். ஸ்லாட்டின் 75-உம் கேபிளின் 150-உம் சேர்ந்து 225, போதும் போதும். வேகம் குறைவுதான், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப்போனால் காலையில் முடிந்திருக்கும். தூங்கப்போக முடிகிறது என்பது எனக்கு முக்கியம். இரண்டு 8 பின் கேட்கிற கார்டு என்றால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனி கேபிள் இரண்டு இழுங்கள். ஒரே கேபிளின் நுனியில் இரட்டைத் தலையாகத் தொங்குவதைப் பயன்படுத்தாதீர்கள், அதில் இரண்டு கனெக்டரின் சுமையையும் ஒரே மூன்று வயர் தூக்குகிறது. 16 பின் கார்டுதான் வேண்டுமென்றால் அந்தக் கனெக்டரை நேரடியாகத் தருகிற எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள், நடுவில் மாற்றி வேண்டாம். கனெக்டருக்குப் பக்கத்திலேயே கேபிளை மடக்காதீர்கள். சும்மா சும்மா கழற்றி மாட்டவும் கூடாது. 30 தடவைக்குத்தான் அந்தப் பின்களுக்கு உத்தரவாதம்.

சுவர்ப் பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நம் வயரிங் வழக்கில் லைட் சர்க்யூட் ஒன்றுக்கு 10 பாயின்ட் அல்லது 800 வாட், பவர் சர்க்யூட் ஒன்றுக்கு 3000 வாட். 575 வாட் கார்டும் 200 வாட் சிபியுவும் மானிட்டரும் சேர்ந்தால் அந்த 800-ஐ ஒரே மெஷின் தின்றுவிடும், அதே சர்க்யூட்டில் ஃபேனும் டியூப் லைட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கேபிளின் நுனியில் இருப்பது 6 ஆம்பியர் பிளக், அதனால் யாரும் யோசிக்காமல் லைட் போர்டில்தான் சொருகுவார்கள். பெரிய கார்டு வாங்குகிறவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏசிக்கு இழுக்கிற மாதிரி ஒரு தனி பவர் பாயின்ட் போட்டுக்கொள்வது உத்தமம்.

வீடுகளில் எம்சிபி வந்த பிறகு பீஸ் கேரியருக்கு மவுசு குறைந்துவிட்டது. ஆனால் எலக்ட்ரிக்கல் கடையில் "செராமிக் கனெக்டர்" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வழி, மூன்று வழி, வெள்ளைப் பீங்கானுக்குள் பித்தளை ஸ்க்ரூ வைத்தது, கொடுப்பார்கள். கீஸருக்கும் ஹீட்டருக்கும் எலக்ட்ரீஷியன்கள் இன்னும் அதைத்தான் போடுகிறார்கள்.